கரையும் கண்ணாடி இழையை நெல்லையில் சோதித்துப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணைக் கண்ணாடி இழை ஆற்றுகிறது என்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த செய்தியைப் படித்தேன். எனக்கு முன்பே அதைப் படித்துவிட்ட எங்கள் தெருப் பையன் ஒருவன், அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுடைய தந்தை ஆறு மாதமாகக் காலில் கட்டோடு நடமாடுகிறவர். "அத்தை, உவரியில எனக்குத் தெரிஞ்சவங்க பைபர் படகு செய்யுதாங்க. படகுக்குப் போடுத அந்தக் கண்ணாடி இழை விரிப்புல கொஞ்சம் வாங்கிட்டு வந்து அப்பா புண்ணுல வச்சா ஆறுமா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறு எதுவும் இல்லை. கடற்கரையில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று எந்த ஊரில் கேட்டாலும் கண்ணாடி இழை என்றால் படகுதான் நினைவுக்கு வரும். செய்தியில் "கண்ணாடி இழை" என்பதற்கு மேல் ஒரு வரி விளக்கம் இல்லாததால் இந்தக் கேள்வி இன்னும் எத்தனை வீடுகளில் எழுந்திருக்குமோ என்ற கவலையோடு இக்கடிதத்தை எழுதுகிறேன். அரசு மருத்துவமனைகளில், அதில் பெரும்பகுதி கட்டுப் போடும் அறையில், 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் நான்.

முதலில் அந்தப் பையனுக்குச் சொன்னதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். படகு கட்டும் இழை உப்புத் தண்ணீரில் பல ஆண்டுகள் கிடந்தாலும் கரையக் கூடாது. புண்ணுக்கான இழையோ உடலின் நீர் பட்டவுடன் கரையத் தொடங்க வேண்டும். கரைவதுதான் அதன் வேலை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர, உட்பொருள் வேறு. படகு இழையை வெறுங்கையால் தொட்டவர்களுக்கு அது தரும் அரிப்பு தெரியும். அதைப் புண்ணுக்குள் வைத்தால் கரையாமல் சதைக்குள்ளேயே தங்கிப் புண்ணைக் கெடுக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

கண்ணாடி எப்படிக் கரையும் என்ற கேள்வி நியாயமானது. நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மணலின் சாரமான சிலிக்கா இருக்கிறது. அந்தச் சிலிக்கா பத்தமடைப் பாயில் கோரையும் நூலும் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பது போலப் பின்னிக் கிடப்பதால் தண்ணீர் அதற்குள் நுழைய முடிவதில்லை. சிலிக்காவைக் குறைத்துச் சோடியத்தையும் கால்சியத்தையும் கூட்டினால் பின்னல் நெகிழ்ந்து, உடல்நீர் உள்ளே புகுந்து அவற்றை வெளியே இழுத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இருந்த லாரி ஹென்ச். 1967-ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போகும்போது, வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்த இராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கிறார். உடலுக்குள் வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்றுக்கொள்வதில்லை, அதனால் வீரர்கள் கை கால்களை இழக்கிறார்கள், உடல் ஏற்றுக்கொள்ளும் பொருள் ஒன்றை உங்களால் செய்ய முடியாதா என்று அவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு விடையாக 1969-இல் ஹென்ச் உருக்கிய கண்ணாடியில் எடைக்கணக்கில் சிலிக்கா 45 பங்கு, சோடியம் ஆக்சைடு 24.5 பங்கு, கால்சியம் ஆக்சைடு 24.5 பங்கு, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6 பங்கு இருந்தன. எலிகளின் தொடை எலும்பில் வைத்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, அந்தத் துண்டை எலும்பிலிருந்து பிரித்தெடுக்கவே முடியவில்லை. கண்ணாடியின் மேற்பரப்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, நம் எலும்பில் இருப்பதைப் போன்ற ஒரு தாதுப் படலம் உருவாகி, எலும்பு அதைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டிருந்தது. கால் போகக் கூடாது என்ற ஒருவரின் ஆதங்கத்திலிருந்து பிறந்த பொருள் இது என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

எலும்புக்கு வந்த பொருள் பல்லுக்கும் வந்தது. ஈறு நோயால் தேய்ந்த தாடை எலும்பை நிரப்பவும், பற்கூச்சத்துக்கான சில பற்பசைகளிலும் இந்தக் கண்ணாடித் தூள் பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. சதைப்புண்ணுக்கு வந்த கதைதான் நமக்கு வேண்டியது.

புண்ணுக்கான இழையில் சிலிக்காவே கிடையாது. அதன் இடத்தில் போரான் ஆக்சைடு இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ரோலா என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் டெல்பர்ட் டே என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் ஸ்டீவன் ஜங் என்பவரும் உருவாக்கிய 13-93 பி 3 என்ற கலவையில், எடையில் பாதிக்கு மேல், அதாவது 53 பங்கு, போரான் ஆக்சைடு. மீதி கால்சியம், பொட்டாசியம், சோடியம், மக்னீசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள். போரானின் மூலப்பொருள் வேறொன்றுமில்லை, பொற்கொல்லர் பட்டறையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் நாம் பார்க்கும் வெண்காரம்தான். உருகிய கண்ணாடியைக் காற்றால் ஊதி இழைகளாக்குகிறார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதியில் விற்கும் பஞ்சு மிட்டாயைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த இழையின் தோற்றத்தை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஆய்வாளர்களும் அதைப் பஞ்சு மிட்டாயோடுதான் ஒப்பிட்டார்கள். அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் இதை மனிதர்களின் புண்ணுக்குப் பயன்படுத்த அனுமதித்தது.

தூளாக இல்லாமல் இழையாக இருப்பதில் என்ன நன்மை என்பதைக் கட்டுப் போட்டுப் பழகிய கைக்குச் சட்டென்று புரியும். குதிகாலில் வரும் புண் சமமாக இருக்காது. வாய் சிறுத்து, உள்ளே குகை போலப் பரந்து, ஓரங்களில் பைபையாக இருக்கும். தூளைத் தூவினால் வாயிலேயே நின்றுவிடும். பஞ்சு போன்ற இழையை இடுக்கியால் எடுத்து மூலை முடுக்கெல்லாம் செருகி வைக்கலாம். காயம் பட்டவுடன் நம் இரத்தம் உறையும்போது ஒரு நுண்ணிய நூல்வலை தானாக உருவாகும். அந்த வலையில் தொற்றிக்கொண்டுதான் புதுச்சதை வளரும். ஆறாத புண்ணில் அந்த வலை சிதைந்து போயிருக்கும். இந்த இழை அந்த வலைக்குப் பதிலாக நிற்கிறது. நின்றபடியே சிறிது சிறிதாகக் கரைந்து கால்சியத்தையும் போரானையும் புண்ணுக்கு விடுகிறது. புதிய இரத்தக் குழாய்கள் கிளைப்பதற்கு அது துணை செய்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. எங்கள் காலத்தில், பெரும்பாலும் இன்றும், புண்ணுக்குள் காஸ் துணியைச் சலைனில் நனைத்து அடைத்துவிட்டு மறுநாள் எடுப்போம். இரவில் அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இழுத்து எடுக்கும்போது செத்த சதையோடு, அன்றைக்குத்தான் துளிர்த்த செக்கச்செவேல் என்ற புதுச்சதையும் துணியோடு வந்துவிடும். எவ்வளவு சலைன் ஊற்றி ஊறவைத்தாலும் சில புண்களில் இது நடந்தே தீரும். நேற்று நாமே வளர்த்ததை இன்று நாமே பிய்த்து எறிகிறோம் என்ற எண்ணம் 31 ஆண்டுகளும் என்னை விட்டுப் போகவில்லை. இழுத்து எடுக்கத் தேவையில்லாத, தானே கரைந்து போகிற ஒரு பொருளைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சியை என்னால் மறக்க முடியாது. சிறு வயதிலிருந்து பீடி சுற்றியவர். சுளகை மடியில் வைத்துச் சிமெண்டுத் தரையில் நாள் முழுக்கச் சம்மணமிட்டு உட்கார்ந்ததில் இரண்டு வெளிக்கணுக்காலிலும் காய்ப்பு ஏறியிருந்தது. "முள்ளு குத்துனதே எனக்குத் தெரியல நர்சம்மா. கோலம் போடையில வாசல்ல ரத்தத்தப் பாத்துதான் தெரிஞ்சுது" என்றார். உடைமுள் பாதத்தில் ஒடிந்து நின்றும் வலிக்கவில்லை என்றால், சர்க்கரை அவருடைய கால் நரம்பை எப்போதோ தின்றுவிட்டது என்று பொருள். காப்பித்தூள் வைத்துக் கட்டி, பிறகு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து, மூன்று வாரம் கழித்து அழைத்து வந்தார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வராத காலம் அது. ஒன்று விட்டு ஒரு நாள் இரண்டு பேருந்து மாறிக் கட்டு மாற்ற வருவார்; வந்த நாளில் பீடிக் கூலி கிடையாது. வரவும் கூலியும் ஒத்துப்போகாமல் நான்கு முறைக்கு ஒரு முறை வராமல் போனார். முதலில் இரண்டு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. அதற்குப் பிறகு அவரால் தரையில் உட்கார்ந்து பீடி சுற்ற முடியவில்லை. அவர் வேலை செய்த நிறுவனத்தையோ, முதலில் பார்த்த மருத்துவமனையையோ நான் இங்கே குறை சொல்லவில்லை. நாள்தோறும் பிரிக்க வேண்டாத, சில நாள்கள் விட்டு மாற்றினால் போதுமான ஒரு கட்டு அன்று கையில் இருந்திருந்தால் அவர் இழந்த கூலி நாள்கள் குறைந்திருக்கும், வராமல் போன நாள்களும் குறைந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. நூறு பெரியவர்கள் வசிக்கும் தெருவில் பதினான்கு பேர் தம் பாதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள்.

இனி, தங்கள் செய்தியில் இடம்பெறாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இக்கடிதத்தின் நோக்கமே அதுதான். அமெரிக்காவில் பல மையங்களில் 40 சர்க்கரை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வில், கண்ணாடி இழை வைத்த 20 பேரில் 14 பேருக்கு 12 வாரத்தில் புண் முழுமையாக ஆறியது. கொல்லாஜனும் ஆல்ஜினேட்டும் கலந்த வேறொரு கட்டுப்பொருள் வைத்த 20 பேரில் 5 பேருக்குத்தான் ஆறியது. இது மகிழ்ச்சியான முடிவு. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவை சீழ்த் தொற்று இல்லாத, இரத்த ஓட்டம் குறையாத புண்கள். இரு பிரிவினருக்கும் முறையான பாதப் பராமரிப்பு ஒன்றுபோலவே வழங்கப்பட்டது. நம்முடைய நோயாளிகளோ ஆச்சியைப் போலத் தொற்றோடு வருகிறார்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களில் சேற்றில் நின்றுவிட்டு வருகிறார்கள். திசையன்விளைத் தேரியின் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வருகிறார்கள். இரத்த ஓட்டம் பாதியாகக் குறைந்த பிறகு வருகிறார்கள். அங்கே 14 பேருக்கு ஆறியது என்பதால் இங்கேயும் 14 பேருக்கு ஆறும் என்று எழுதுவதும் தவறு, ஆறாது என்று ஒதுக்குவதும் தவறு. 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கையும்கூட. இங்கேயே, நம் மக்களிடமே, முறைப்படி ஒப்புதல் பெற்றுச் சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று மாவட்டங்களிலிருந்தும் ஆறாத புண்ணோடு நோயாளிகள் வருகிறார்கள். இப்படியொரு ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தென் தமிழகத்தில் எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில், திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு இதய வால்வை வாங்க வசதியில்லாத ஏழைகளுக்காக வால்வை இங்கேயே உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திக் காட்டிய நிறுவனம் அது. கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனமும், இப்படி உடலோடு வினைபுரியும் உயிர்வினைக் கண்ணாடியில் ஆண்டுக்கணக்காக ஆய்வு செய்துவருகிறது. உருக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், உடலுக்கு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார்கள், நோயாளிகள் நம்மிடம் இருக்கிறார்கள். இம்மூவரையும் சேர்த்து வைக்க ஓர் அரசாணை போதும் என்றே நினைக்கிறேன்.

வெண்காரமும் சுண்ணாம்பும் அரிய பொருள்கள் அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் கட்டுப்பொருளின் விலை மூலப்பொருளால் மட்டும் வருவதன்று; தூய்மையான தயாரிப்பு, சோதனை, காப்புரிமை, இறக்குமதி ஆகிய எல்லாமும் சேர்ந்து வருவது. தூய்மைக்கும் சோதனைக்கும் ஆகும் செலவைக் குறைக்கக் கூடாது, மற்றவற்றைக் குறைக்கலாம். ஆய்வில் பயன் தெளிவானால், 1994-இல் தொடங்கப்பட்டு அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பட்டியலில் இந்த இழை ஏற வேண்டும். அப்படி ஏறாத வரை, இது தனியார் மருத்துவமனைக்குப் போக முடிந்தவர்களின் காலை மட்டுமே காப்பாற்றும்.

வெண்காரம் என்று எழுதிவிட்டதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நாட்டு மருந்துக் கடையில் வெண்காரத்தை வாங்கிப் பொடித்துப் புண்ணில் போடக் கூடாது. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரையும் போடக் கூடாது. தோல் திறந்த இடத்தின் வழியாகப் போரான் ஒரேயடியாக உடலில் ஏறினால் நஞ்சாகும். போரான் அளவு மிகும்போது செல்களுக்குக் கேடு வருவது ஆய்வகச் சோதனைகளிலும் தெரிந்ததே. கண்ணாடிக்குள் கட்டிவைத்து அளவாக, மெதுவாக விடுவதில்தான் அந்த ஆய்வாளர்களின் திறமையே இருக்கிறது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இதே பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த மருத்துவத்தில் ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம் கொடுப்பார்கள். ஊமத்தை இலைச்சாற்றையும் தேங்காயெண்ணெயையும் துருசு சேர்த்துக் காய்ச்சுவது. துருசு என்பது செம்பின் உப்பு. போரான் கண்ணாடி இழையிலும் சிறிதளவு செம்பைச் சேர்த்தால் இரத்தக் குழாய்கள் கிளைப்பது கூடுகிறதா என்று வெளிநாட்டு ஆய்வகங்களில் சோதித்துவருகிறார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஊரில் சில தெருக்கள் தள்ளி இருக்கும் இரண்டு கல்லூரிகள், தம் நோயாளிகளின் புண்களை ஒரே அளவுகோலால் அளந்து, ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கினாலே பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும் என்றுதான் சொல்கிறேன்.

எந்த இழை வந்தாலும் மாறாத சில வேலைகள் இருக்கின்றன. செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புண்பட்ட பாதத்தில் உடல் எடை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றில் கடைசியைத்தான் நம் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை. எவ்வளவு உயர்ந்த பொருளைப் புண்ணில் வைத்துக் கட்டினாலும், மறுநாள் காலையில் அதே காலை ஊன்றித் தண்ணீர்க்குடம் தூக்கினால் உள்ளே வளர்ந்த சதை நசுங்கிவிடும். நுண்துளை ரப்பரால் செய்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு கேட்டவருக்குக் கேட்டவுடன் கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டு 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். அப்படி வரும் சகோதரிகள் ஒவ்வொரு முறையும் பாதத்தைத் திருப்பி ஒரு நிமிடம் பார்த்துவிட்டால், முள் குத்திய அன்றே தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். படகு இழையும் போரிக் பவுடரும் புண்ணுக்கு ஆகாது என்பதை, செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். அதோடு, நெல்லை மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர்களிடமும் திருவனந்தபுரத்து ஆய்வாளர்களிடமும் தங்கள் செய்தியாளரை அனுப்பி, இந்த இழையை இங்கே சோதிக்க என்ன தேவை, யார் அனுமதி தர வேண்டும், எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும். அந்தப் பையனுடைய தந்தையை நாளைக் காலை ஹைகிரவுண்டுக்கு நான் அழைத்துச் செல்கிறேன். அவர் பாதத்தில் நாடி இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.